ஏழு மணிக் கட்டைவிரல்

படிவத்தின் முதல் கட்டம் ‘கோளாறு எப்போதிலிருந்து?’ என்று கேட்கிறது. ‘ஒன்பது நாட்களாக’ என்று அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலை மணி பதினொன்று ஐந்து. பன்னிரண்டுக்குள் இதை அனுப்பியாக வேண்டும். யார் கண்டுபிடித்தது, நமக்கு ஏன் தெரியவில்லை, அடுத்த முறை எப்படித் தெரியும் என்று இன்னும் மூன்று கட்டங்கள் பாக்கி. கண்டுபிடித்தவர் யார் என்பது சுலபம். தூத்துக்குடியில் இறால் கிடங்கு பார்க்கும் ரோச் அரை மணி நேரம் முன்னால் போன் பண்ணினார். “மேடம், நாலாம் நம்பர் ரூமு ஒங்க ஸ்கிரீன்ல எவ்வளவு காட்டுது?” என்றார். மைனஸ் பதினெட்டு புள்ளி நாலு, பச்சையாகத்தான் இருக்கிறது என்றேன், கொஞ்சம் அலுப்போடுதான் சொன்னேன், பச்சையாக இருப்பதைப் பற்றி யாராவது போன் பண்ணுவார்களா. “அது எப்படி மேடம்? காலையில கதவத் தெறந்து போட்டு முக்கா மணி நேரம் லோடு ஏத்துனோம்லா. கொஞ்சங்கூட ஏறலியா?” என்றார். ஏறவில்லை. இரண்டு வாரக் கணக்கை இழுத்துப் பார்த்தேன். அடிமட்டம் வைத்துப் போட்ட மாதிரி ஒரே கோடு. ஒன்பது நாளாகப் பதினெட்டு புள்ளி நாலு, பகலும் பதினெட்டு புள்ளி நாலு, ராத்திரியும் பதினெட்டு புள்ளி நாலு. அறைக்குள் இருக்கும் வெப்பமானியின் ஒயர் கழன்றுவிட்டிருக்கிறது. வெளியே மாட்டியிருக்கும் பெட்டி, கடைசியாகத் தனக்குத் தெரிந்த எண்ணையே நிமிஷத்துக்கு ஒரு தரம் எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்களும் வாங்கி வாங்கிப் பச்சை பூசிக்கொண்டிருந்திருக்கிறோம். ரோச் உள்ளே போய் இறால் பெட்டியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, “கல்லு மாரி இருக்கு மேடம், தப்பிச்சோம்” என்றார். தப்பித்தோம். கை வைத்துப் பார்க்க ஒரு ஆள் அங்கே இருந்ததால் தப்பித்தோம்.

இந்த நாலாவது மாடியில் ஏழு பெரிய திரைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஊரார் வீட்டுச் சமாச்சாரம். யாருடைய நெட்வொர்க்கோ, யாருடைய சர்வரோ, யாருடைய குளிர்பதன அறையோ. நாங்கள் எதையும் தொடுவதில்லை, பார்ப்பதோடு சரி. ஏதாவது சிவப்பானால் சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டுச் சொல்வோம். அம்மாவிடம் யாராவது மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் ‘பெருங்குடியில் டிவி பார்க்கிற வேலை’ என்பாள். எனக்குக் கோபம் வரும். இன்றைக்கு வரவில்லை, டிவிதான் பார்த்திருக்கிறேன். அதிலும் மறு ஒளிபரப்பு. அந்த அறைக்கு விதி எழுதினவள் நான்தான். மைனஸ் பதினைந்துக்கு மேலே போனால் மணி அடி. ஐந்து நிமிஷம் எண் வராவிட்டால் மணி அடி. எழுதி முடித்துவிட்டு எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்று டீ குடிக்கப் போனேன். எண் வரும், ஆனால் அசையாது என்று ஒன்று இருக்கும் என எனக்குத் தோன்றவே இல்லை. பேர் எழுதக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம், படிவத்தில் யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாதாம், ‘ஒரு ஊழியர் இந்த விதியை எழுதினார்’ என்றுதான் போட வேண்டும். எழிலரசி என்கிற நான் இப்போது ஒரு ஊழியர். நல்லதாகப் போயிற்று. பக்கத்து நாற்காலியில் ரெஹானா அரை மணி நேரமாக மற்ற அறைகளின் கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவையெல்லாம் நடுங்குகின்றன. கதவு திறந்தால் ஏறுகின்றன, மெஷின் ஓடினால் இறங்குகின்றன, மத்தியானத்தில் கொஞ்சம் தவிக்கின்றன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து மாதிரி கோணல்மாணல். உள்ளே ஏதோ நடக்கிற இடமென்றால் கோடு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. “ஒம்போது நாளா பச்சையா இருந்துச்சு, நாமளும் நிம்மதியா இருந்துட்டோம்ல” என்றாள் ரெஹானா, என்னைப் பார்க்காமல், சாதாரணமாக. அவள் சொன்னதில் ஒன்றுமில்லை. ஆனால் நான் இங்கேயே மாட்டிக்கொண்டேன், இந்த இடத்தை விட்டு என் மனசு நகர மாட்டேன் என்கிறது. நாமளும் நிம்மதியா இருந்துட்டோம். என் செல்போன் மேஜை மேல் குப்புறக் கிடக்கிறது. அதை ஏன் குப்புறப் போட்டேன் என்பது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி அடுத்த கட்டத்தை நிரப்பப் பார்க்கிறேன்.

‘நமக்கு ஏன் தெரியவில்லை.’ ஏனென்றால் வந்துகொண்டே இருந்தது. வராமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். வராவிட்டால் நீ வா என்றுதானே தம்பி பரிதியும் சொன்னான். போன வருஷம் ஆவணியில் ஓசூரில் அவன் ரூமை விட்டு மூன்று வாரம் வெளியே வரவில்லை. தொழிற்சாலையில் தரம் சோதிக்கிற வேலை, ஒரு நாள் விடாமல் போனவன், சும்மா நின்றுவிட்டான். காரணம் கேட்டால் காரணம் இல்லை என்றான், அதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை, கடன் இல்லை, காதல் இல்லை, சண்டை இல்லை, பின்னே என்னடா என்று நான் கத்தினேன். கத்தியது தப்பு என்று டாக்டர் பிறகு சொன்னார். மாத்திரை சாப்பிட்டான், மெல்லத் தேறினான், பொங்கலுக்கு வந்தவன் இரண்டு பிளேட் வடை தின்றான், அம்மா அதை வீதி முழுக்கச் சொன்னாள். திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் அந்த ஒப்பந்தம். “அக்கா, நீ டெய்லி போன் போட்டு எப்படி இருக்க எப்படி இருக்கன்னு கேக்காத. அதக் கேக்கும்போதே எனக்கு ஒடம்பு சரியில்லாத மாதிரி ஆயிடுது. காலையில ஒரு கட்டைவிரல் அனுப்பறேன். விரல் வந்தா நான் நல்லா இருக்கேன். வரலன்னா நீ கெளம்பி வா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கும் பிடித்திருந்தது. தொழில் முறையிலேயே பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும், வெட்கமாக இருக்கிறது. எங்கள் வேலையில் இதற்குப் பேரே உண்டு, இதயத்துடிப்பு என்போம், நான் இருக்கிறேன் இருக்கிறேன் என்று ஒவ்வொரு மெஷினும் சொல்லிக்கொண்டே இருக்கும், நின்றால் ஓட வேண்டும். தம்பியையும் ஒரு மெஷினாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். பல் தேய்க்கும்போது போனைப் பார்ப்பேன். மஞ்சள் விரல் இருக்கும். வாயில் நுரையோடு சமையலறைப் பக்கம் திரும்பி “வந்துடுச்சும்மா” என்பேன். அம்மா காப்பியைக் கலக்குவாள். இதுதான் ஏழு மாதமாக எங்கள் வீட்டுக் காலை.

போனை நிமிர்த்திவிட்டேன். பார்த்துவிடலாம், பார்த்தால் என்ன, கோடு கோணலாகத்தான் இருக்கும். தை மாதத்து விரல்கள்: ஏழு பன்னிரண்டு, ஆறு ஐம்பத்தெட்டு, ஏழு இருபத்தாறு. ஒரு நாள் எட்டு மணிக்கு வந்திருக்கிறது, கூடவே ‘சாரி தூங்கிட்டேன்’. ஒரு நாள் விரலுக்குப் பதில் வாழைப்பழம், கை தவறி. அதற்கு நான் ‘காலையிலேயே பழமா’ என்று கேட்டிருக்கிறேன், அவன் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான். மாசி, பங்குனி, சித்திரை. ஏழு முப்பத்தொன்று, ஆறு நாற்பது, ஏழு நாலு. நல்ல கோணல். ஆடி பிறந்து சில நாள் கழித்து ஏழு மணி. மறுநாள் ஏழு மணி. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமையும் ஏழு மணி. விரலால் மேலே தள்ளத் தள்ள ஏழு, ஏழு, ஏழு. எண்ணினேன். இருபத்துமூன்று. இருபத்துமூன்று நாளாக என் தம்பி ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாமல் கட்டைவிரல் அனுப்பியிருக்கிறான், பள்ளிக்கூட நாளில் எட்டு தரம் எழுப்பினால் ஒன்பதாவது தரம் எழுந்திருக்கிற பரிதி. அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான் அதைக் கவனித்தேன். போன வாரம் அம்மாவிடம் சொன்னேன், “பாத்தியாம்மா, கரெக்டா ஏழு மணிக்கு எழுந்துடறான், மனுஷன் ஒழுங்குக்கு வந்துட்டான்.” அப்பா இருந்தவரை கடவுள் படம் இல்லாத வீடு எங்கள் வீடு, அம்மா மளிகை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு அன்றைக்கு ஒரு கரண்டி பாயசம் வைத்தாள், பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். ஒழுங்குக்கு வந்துவிட்டான் என்று கொண்டாடியிருக்கிறோம். மெஷின் போடுகிறது. காலையில் தானாக மெசேஜ் போகிற மாதிரி ஒரு தரம் சொல்லி வைத்துவிட்டால் அது போய்க்கொண்டே இருக்கும். யார் எழுந்தாலும் எழாவிட்டாலும் போகும். இன்றைக்கும் வந்தது. நாளைக்கும் வரும். அவன் இருந்தாலும் வரும், அவன். இல்லை. அந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.

கூப்பிட்டேன். யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டேன், அடிக்க ஆரம்பித்த பிறகுதான் யோசனை வருகிறது. இன்றைக்குப் புதன்கிழமை, முதல் ஷிப்ட், மூன்று மணி வரை போன் லாக்கரில் இருக்கும். எடுக்காவிட்டால் வேலைக்குப் போயிருக்கிறான், நல்லது. எடுத்தால் வீட்டில் கிடக்கிறான், ஆனால் எடுத்தான், அதுவும் நல்லது. எடுக்காமல் இருடா என்று வேண்டிக்கொள்கிறேன், உடனே எடுத்துவிடுடா என்றும் வேண்டிக்கொள்கிறேன், எந்தப் பிள்ளையாருக்குக் கேட்டாலும் குழம்பித்தான் போவார். அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை. இப்போது இதை எந்தக் கணக்கில் எழுதுவது. ஒப்பந்தத்தை மீறிவிட்டேன் என்று அவனுக்குக் கோபம் வருமோ. வரட்டும், கோபம் வந்தால் கோபப்பட ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். ‘ஓசூர் ஓனர்’ என்று ஒரு நம்பர் வைத்திருக்கிறேன், அவரைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டச் சொல்லலாம். போன வருஷம் அப்படித்தான் தட்டச் சொன்னோம். அவர் தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தட்டினார், அந்த அவமானத்தில் பரிதி இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை. இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம், பதினொன்று ஐம்பது வரை, அதற்கு மேல் தெருவே வந்தாலும் சரி. ரெஹானா திரும்பி “என்ன எழில், மொகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள். நான் கட்டைவிரலைக் காட்டினேன். காட்டிவிட்டு என் விரலையே பார்த்தேன். நானும் அதைத்தான் செய்கிறேன், ஆபீஸில் எல்லோருக்கும், தினமும். சீ என்றாகிவிட்டது. “தம்பி போன் எடுக்கல. பயமா இருக்கு” என்றேன். சொன்னதும் கண் நிறைந்துவிட்டது. அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, என் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “இத நான் முடிக்கறேன். நீ அதப் பாரு.”

மெசேஜ் அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். ‘எப்படி இருக்க’ என்று அடித்தேன், அழித்தேன். எப்படி இருக்க என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்று வரும், அதை மெஷின்கூடச் சொல்லும், மனுஷனும் மெஷின் மாதிரிதான் சொல்லுவான். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. நீ நன்றாக இருக்கிறாயா என்று மெஷினைக் கேட்கவே மாட்டோம், அது எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்லும். உள்ளே போய்ப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும் என்கிற மாதிரி எதையாவது கேட்போம். ரோச்சிடம் நான் கேட்டிருக்க வேண்டியது எண் என்ன என்றல்ல, இறால் கல்லு மாதிரி இருக்கிறதா என்று. பரிதியிடம் என்ன கேட்பது? சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன். தூங்கினியா என்றால் தூங்கினேன். பொய் சொல்ல முடியாத ஒரு கேள்வி வேண்டும், அவனைத் திட்டாத கேள்வியாகவும் இருக்க வேண்டும். எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கா டிஷ் ஆன்டெனா மேல் உட்கார்ந்து எங்கள் ஏழு திரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தது. ‘பரிதி, உன் ஜன்னல் வழியா இப்போ என்ன தெரியுது?’ என்று அடித்தேன். பைத்தியம் என்று நினைப்பான். அனுப்பிவிட்டேன். ஒரு டிக். இரண்டு டிக். போய்ச் சேர்ந்துவிட்டது, அவன் செல்போன் உயிரோடு இருக்கிறது. செல்போனைப் பற்றி யார் கேட்டார்கள். பதினொன்று நாற்பத்துநாலு. ரெஹானா தட்டச்சு செய்யும் சத்தம் கேட்கிறது, நல்ல வேகம், என்ன எழுதுகிறாளோ. நாற்பத்தைந்து. பொங்கலன்று அவன் வடை தின்றது நிஜம்தானா, அல்லது அதுவும் எங்களுக்காகத் தின்றானா? நாற்பத்தாறு. நாற்பத்தேழு. ‘டைப்பிங்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மெஷின் இப்படித் தயங்காது, தயங்காது, எனக்குத் தெரியும், பதினாறு வருஷமாக மெஷினோடுதான் குடும்பம் நடத்துகிறேன். பிறகு பதில் வந்தது. ‘ஜன்னல் சாத்தியிருக்கு.’

இரண்டு வார்த்தை. இருக்கிறான். வேலைக்குப் போகவில்லை. இருட்டில் படுத்திருக்கிறான். இருக்கிறான். எழுந்து வராந்தாவுக்கு ஓடினேன், தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கிற மூலையில் நின்று கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தான். அவன் மூச்சு விடுவது கேட்டது, இதற்குத்தான் இதயத்துடிப்பு என்று பேர் வைத்திருக்க வேண்டும். “கட்டைவிரல மெஷின்தான் போடுதா?” என்றேன். “ம்.” “எத்தன நாளா?” “நீ எண்ணியிருப்பியே.” “இருபத்துமூணு.” “ம். இருபத்துமூணு.” அப்புறம் அவனே சொன்னான், ஒவ்வொரு சொல்லாக, தூரத்திலிருந்து தண்ணீர் எடுத்து வருகிறவன் மாதிரி. “ஏமாத்தணும்னு இல்லக்கா. காலையில போன எடுத்து அந்த ஒரு விரலப் போடணும்ல, அதுக்கே முடியல. போடலன்னா நீ பயந்துடுவ. அம்மா அழுவும். அதான் டைமர் வச்சிட்டேன்.” “மாத்திரை?” “தீந்து போச்சு. வாங்கப் போகல.” போன வருஷம் கத்தின இடம் இதுதான். இந்தத் தடவை கத்தவில்லை. “இப்ப எப்படிடா இருக்க?” என்றேன், கேட்கக் கூடாது என்று அவன் சொன்ன அதே கேள்வி, வேறு வழி தெரியவில்லை. “நல்லா இல்லக்கா” என்றான்.

நல்லா இல்லக்கா. ஏழு மாதத்தில் அவனிடமிருந்து வந்த முதல் நிஜமான சேதி. கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியாது, தம்பி நன்றாக இல்லை என்று சொல்கிறான், அக்கா தண்ணீர் கேன் மேல் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்தி அழுதபடி சிரிக்கிறாள். சிவப்பு. கடைசியில் ஒரு சிவப்பு. சிவப்பானால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், பச்சையை வைத்துக்கொண்டுதான் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். “நான் கெளம்பி வரேன்” என்றேன். வேண்டாம் என்பான் என்று காத்திருந்தேன், போன வருஷம் வராதே வராதே என்றுதான் சொன்னான். “வா” என்றான். “சாயங்காலம் ஆயிடும்டா. அதுவரைக்கும் ஓனர் வீட்டம்மாவ மட்டும் சோறு கொண்டுவரச் சொல்றேன், தெருவுல ஆளக் கூட்டமாட்டேன். கதவு தொறப்பியா?” “தொறக்கறேன்.” “இன்னொண்ணு. இனிமே விரல் வேணாம். நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.” “என்ன கேட்ட?” “ஜன்னல் வழியா என்ன தெரியுது?” கட்டில் முனகியது. எதையோ காலால் தள்ளுகிற சத்தம், பாத்திரமாக இருக்கும். பிறகு அந்தத் தாழ்ப்பாள். துருப்பிடித்த தாழ்ப்பாள், ஒரு தரம் இழுத்தான், வரவில்லை, இன்னொரு தரம் இழுத்தான், டக்கென்று விட்டது, உடனே ஓசூர் முழுக்க என் காதுக்குள் வந்து கொட்டியது, ஆட்டோ, குக்கர் விசில், யாரோ யாரையோ கன்னடத்தில் திட்டுகிற குரல். “கண்ணு கூசுதுக்கா” என்றான். “கூசட்டும். என்ன தெரியுது?” “எதிர் மாடியில சிவப்பு ஜமுக்காளம் காயப் போட்டிருக்காங்க.” “அப்பறம்?” “அவ்ளோதான்.” அவ்வளவு போதும். உள்ளே வந்து பையை எடுத்தபோது ரெஹானா படிவத்தை அனுப்பியிருந்தாள். அடுத்த முறை எப்படித் தெரியும் என்ற கட்டத்தில் ‘எண் அசையாமல் நின்றால் ஆளை அனுப்பிப் பார்க்கவும்’ என்று எழுதியிருந்தாள். அனுமதி கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள், எனக்கு மூன்று நாள் லீவ்.

பூந்தமல்லியில் பஸ் கிடைத்தது, ஜன்னல் சீட். அம்மாவிடம் போனில் உள்ளதைச் சொன்னேன், நல்லா இல்லையாம், நான் போய்க்கொண்டிருக்கிறேன், என்னை வரச் சொன்னான். அம்மா “அவனே வரச் சொன்னானா?” என்று கேட்டாள், இரண்டு தரம். நானும் இரண்டு தரம் ஆமாம் என்றேன். ஓனர் வீட்டம்மா ரசம் சாதம் கொடுத்துவிட்டுப் பாதி தின்றான் என்று தகவல் சொன்னார், பாதி என்று கேட்டது எனக்கு நம்பிக்கையாக இருந்தது, முழுக்கத் தின்றான் என்றிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். ஒரேயடியாகச் சரியாகிவிடும் என்றெல்லாம் நினைக்கவில்லை. டாக்டரிடம் போக வேண்டும், மாத்திரை வாங்க வேண்டும், சில நாள் ஏறும், சில நாள் இறங்கும், மத்தியானங்களில் தவிக்கும். ஏறட்டும், இறங்கட்டும். போனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே வந்தேன், குப்புறப் போடவில்லை. வேலூர் தாண்டி எங்கோ கண் அசந்துவிட்டது. மடியில் போன் அதிர்ந்து முழித்துக்கொண்டேன். பரிதி. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. ‘ஜமுக்காளத்த எடுத்துட்டாங்க. மழை வரும் போல.’ கீழே சின்ன எழுத்தில் நேரம் போட்டிருந்தது. நாலு மணி பதிமூன்று நிமிஷம்.